சட்டத்தில் உள்ள உதவி லயத்துக்கு வரட்டும்!

கேமரன் மலையின் வடகோடியில் இருக்கிறது கம்போங் ராஜா. சுற்றிலும் தேயிலை மலைகள், காய்கறித் தோட்டங்கள், பூந்தோட்டங்கள். அங்கிருந்து மாவட்டத்தின் தலைமை ஊரான தானா ராத்தாவுக்குப் போக வேண்டுமானால், கோலா தெர்லா, திரிங்காப், பிரிஞ்சாங் என்று மலைப்பாதையில் வளைந்து வளைந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இரண்டு கால்களும் நன்றாக உள்ளவருக்கே போய்த் திரும்ப அரை நாள் ஆகும். ஒரு காலை இழந்தவருக்கு? நடக்க இயலாத பிள்ளையை இடுப்பில் சுமக்கும் தாய்க்கு?

இந்தக் கேள்வியை முன்வைத்தே இத்தலையங்கத்தை எழுதுகிறோம். தேயிலைத் தோட்டத்துக் கதை ரப்பர்த் தோட்டத்துப் பத்திரிகைக்கு எதற்கு என்று எவரும் கேட்க வேண்டாம். கொழுந்து பறிக்கும் கையும் பால் வெட்டும் கையும் ஒரே கைதான். வழுக்கும் சரிவில் விழுந்தாலும் உடைவது அதே எலும்புதான்.

ஏழைகளுக்கும் உடற்பேறு குறைந்தோருக்கும் நாட்டில் உதவித் திட்டங்களே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இருக்கின்றன. பல திட்டங்கள் நல்லவை. அவற்றைக் கொண்டு வந்தவர்களைப் பாராட்டவும் நாம் தயங்கவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் உதவி லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தால்தான் அது உதவி. வராத வரையில் அது வெறுங் காகிதம்.

முதலில் நாமே காசு கட்டிப் பெறும் உரிமையைப் பார்ப்போம். 1952-ஆம் ஆண்டில் மலாயாவில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. அதே 1952-இல்தான் அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு சமூகப் பாதுகாப்பின் குறைந்தபட்ச அளவுகளை வகுத்து, 102-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நம் நாட்டுச் சட்டம் அன்று என்ன செய்தது? கை போனால் கைக்கு ஒரு விலை, கண் போனால் கண்ணுக்கு ஒரு விலை என்று ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுத்தது. அந்தப் பணம் கடனிலும் கலியாணத்திலும் கரைந்த பிறகு அந்தத் தொழிலாளிக்கு என்ன கதி? 1969-இல் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1971-இல் சொக்சோ நடைமுறைக்கு வந்த பின்னர்தான், உடல் முடங்கிய தொழிலாளிக்கு மாதா மாதம் பணம் என்ற நிலை பிறந்தது.

தோழர்களே! சொக்சோ யாரும் போடும் தர்மமல்ல. முதல் வகைச் சந்தாவில் முதலாளி சம்பளத்தில் 1.75 விழுக்காடும், தொழிலாளி 0.5 விழுக்காடும் கட்டுகிறார்கள். 1,700 வெள்ளிச் சம்பளக்காரரிடம் மாதம் எட்டு வெள்ளிச் சொச்சம் பிடிக்கப்படுகிறது. அந்த எட்டு வெள்ளியின் பலன் என்ன என்பதை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பில் இருந்தால், நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனம் ஏற்பட்டால், 90 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டு, ஊனத்தின் அளவுக்கேற்ப உதவி உண்டு. பிறர் துணையின்றி இருக்க இயலாத நிலை என்றால், கவனிப்புக்கென மாதம் 500 வெள்ளி தனியாக உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இதில் அடங்கும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. "சின்னக் காயம்தானே, இரண்டு நாள் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சுக்கு மயங்கி, பதிவு செய்யாமல் விட்டுவிட்டால் பின்னர் வருந்த வேண்டியிருக்கும். இன்றைய சின்னக் காயம் நாளைக்குப் பெரிய ஊனமாகலாம். அப்போது சாட்சிக்கு ஒரு துண்டுக் காகிதமும் இராது.

இதைவிடக் குறைவாக அறியப்பட்டது செயலிழப்பு ஓய்வூதியம். நோய் வேலையினால் வந்ததா, வீட்டில் வந்ததா என்ற கேள்வியே இதில் இல்லை. சர்க்கரை நோயில் கால் போனவரும், பக்கவாதத்தில் கை விழுந்தவரும் இதற்கு மனுச் செய்யலாம். தம்மைப் போன்ற தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க இயலாது என்று மருத்துவர் குழு கண்டால், சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாதந்தோறும் கிடைக்கும். ஆனால் இரண்டு நிபந்தனைகளை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 60 வயது நிறைவதற்குள் மனுக் கொடுக்க வேண்டும். முழு ஓய்வூதியத்துக்கு, மனுவுக்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். குறைந்த அளவு ஓய்வூதியத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு; அதிலும் 24 மாதச் சந்தா இல்லாமல் முடியாது.

இங்கேதான் கம்போங் ராஜா போன்ற இடங்களில் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தேயிலையில் வருமானம் போதவில்லை என்று ஒருவர் பக்கத்துக் காய்கறித் தோட்டத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அன்றாடம் கையில் காசு. சம்பளச் சீட்டும் இல்லை, சந்தாவும் இல்லை. ஐந்து வெள்ளி கூடக் கிடைத்தது என்று மகிழ்கிறார். இரண்டு ஆண்டுகள் போகின்றன. மூன்றாம் ஆண்டு சிறுநீரகம் பழுதாகிறது. 40 மாதங்களைத் திருப்பிப் பார்த்தால் அதில் 24 சந்தா இல்லை. தேயிலையில் இருபது ஆண்டு உழைத்தவருக்கு முழு ஓய்வூதியம் கைநழுவிப் போகிறது! அன்றாடங் கிடைத்த அந்த ஐந்து வெள்ளிக்கு அவர் கொடுத்த விலை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். சந்தா கட்டாமல் ஆள் வைப்பது சட்ட விரோதம். அது முதலாளியின் குற்றம். ஆனால் தண்டனை தொழிலாளியின் வீட்டுக்கல்லவா வந்து சேருகிறது!

அடுத்து, சமூக நல இலாகாவின் உதவிகள். 2008-ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், இவர்களைப் பதிவு செய்து அட்டை வழங்க வழி செய்கிறது. நம் மக்கள் ஓ.கே.யு. கார்டு என்று சொல்வது இதைத்தான். மருத்துவர் கையெழுத்திட்ட பாரத்தோடு சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். அந்தக் கார்டு கையில் இருந்தால்தான் மற்றக் கதவுகள் திறக்கும். 2021-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், வேலை செய்யும் உடற்பேறு குறைந்தோருக்கான மாத உதவி 400 வெள்ளியிலிருந்து 450 வெள்ளிக்கும், வேலை செய்ய இயலாதோருக்கானது 250 வெள்ளியிலிருந்து 300 வெள்ளிக்கும், படுக்கையில் கிடப்போரைப் பராமரிப்பவருக்கானது 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளிக்கும் உயர்த்தப்பட்டன. லயத்துக் குடும்பத்துக்கு 500 வெள்ளி என்பது சிறு தொகையல்ல. ஒரு மாத அரிசியும், பாலும், மருந்தும், ஈப்போவுக்குப் போய்வரும் வண்டிச் செலவும் அதில் அடங்கிவிடும்.

ஆனால் இந்த உதவி தானாக வந்து கதவைத் தட்டாது. கேட்டால்தான் வரும். கேட்பதற்குப் பாரம் வேண்டும். பாரம் மலாய் மொழியில் இருக்கிறது. நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் பலர் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள். மருத்துவரைப் பார்க்க ஒரு நாள், இலாகாவுக்குப் போக ஒரு நாள், விட்டுப்போன காகிதத்தைக் கொண்டுபோக இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு பேர் சம்பளம் போகிறது. கூடப் போகும் துணைக்கும் ஒரு பேர் போகிறது. மூன்றாம் முறை அலைய யாருக்குத்தான் மனம் வரும்?

இனி வரிச் சலுகைக்கு வருவோம். உடற்பேறு குறைந்தோருக்கு அரசாங்கம் பெரிய சலுகை தந்திருக்கிறது என்று பேசப்படும் போதெல்லாம் வரிக்கழிவைத்தான் முதலில் காட்டுகிறார்கள். 2025-ஆம் வரி மதிப்பீட்டு ஆண்டு முதல், உடற்பேறு குறைந்தவருக்கான கழிவு 6,000 வெள்ளியிலிருந்து 7,000 வெள்ளியாகவும், அத்தகைய பிள்ளைக்கான கழிவு 6,000 வெள்ளியிலிருந்து 8,000 வெள்ளியாகவும் உயர்ந்தன. கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு வீடுகளிலும் நடக்க இயலாத ஒரு பிள்ளை இருக்கிறது என்று கொள்வோம். ஒரு வீடு கோலாலம்பூரில். வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் வெள்ளி. அந்தப் படியில் வரி 25 விழுக்காடு. ஆகவே 8,000 வெள்ளிக் கழிவினால் அவருக்கு 2,000 வெள்ளி மிச்சம். மற்றொரு வீடு கம்போங் ராஜாவில். மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. எல்லோருக்கும் உரிய 9,000 வெள்ளிக் கழிவையும், சேமநிதிக்குக் கட்டிய 2,244 வெள்ளியையும் நீக்கினால் மிஞ்சுவது 9,156 வெள்ளி. முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை. எஞ்சியதற்கு ஒரு விழுக்காடு என்றால் சுமார் 42 வெள்ளி. குறைந்த வருமானத்தாருக்குரிய 400 வெள்ளித் தள்ளுபடி அதையும் விழுங்கிவிடுகிறது. வரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து 8,000 வெள்ளியைக் கழித்தால் என்ன கிடைக்கும்? பூஜ்யந்தான் கிடைக்கும்!

வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு 2,000 வெள்ளி. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிய சக்கர நாற்காலி ஒன்றுதானே? நகரத்துப் பெற்றோரின் சலுகையைப் பிடுங்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவர்களின் துன்பமும் துன்பமே. வரி கட்டும் அளவுக்குக்கூடச் சம்பளம் இல்லாதவருக்கு அந்தச் சலுகையின் பங்கைப் பணமாகக் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இது நடக்காத காரியமா? வெளிநாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டிலிருந்தே, குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவரின் வரியை மீறிய சலுகைத் தொகையை அவர் கையிலேயே கொடுக்கும் முறை இருக்கிறது. பிரிட்டனில் 2003-இல் வந்த உழைப்போர் வரிச் சலுகையில், உடற்பேறு குறைந்த தொழிலாளிக்கென்று தனிப் பங்கு இருந்தது. 2025 ஏப்ரலில் அது முடிவுற்று, அதன் இடத்தை ஒருங்கிணைந்த உதவித் திட்டம் எடுத்துக்கொண்டது. நம் நாட்டிலும் இதற்கு வழி தெரியாமல் இல்லை. 2012-இல் பிரிம் என்ற பெயரில் தொடங்கிய ரொக்க உதவி, பெயர்கள் பல மாறி, 2023 முதல் ரஹ்மா ரொக்க உதவியாக வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அதைக் கையாளுவது யார்? உள்நாட்டு வருமான வரி வாரியம்! வரி வாங்கும் கையே பணமும் கொடுக்கப் பழகிவிட்டது. உடற்பேறு குறைந்தோர் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு அந்தக் கை இன்னும் கொஞ்சம் நீண்டால் போதும்.

வருமான வரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்தபட்சச் சம்பளம் 2022-இல் 1,500 வெள்ளி ஆயிற்று. 2025-இல் 1,700 வெள்ளி ஆயிற்று. நல்லது. ஆனால் வேலை செய்யும் உடற்பேறு குறைந்தோருக்கான உதவிக்கு வருமான வரம்பு உண்டு. சம்பளம் ஏறும் நாளிலேயே வரம்பும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் என்ன ஆகும்? சம்பளத்தில் 200 வெள்ளி கூடும். உதவியில் 450 வெள்ளி போகும். மாத முடிவில் கைக்கு 250 வெள்ளி குறையும். "உழைத்து முன்னேறு" என்று உபதேசம் செய்துவிட்டு, முன்னேறியவனை இப்படித் தண்டிப்பது நியாயமா? வரம்பைத் தாண்டிய மாதமே முழுத் தொகையையும் வெட்டாமல், சம்பளம் கூடக்கூட உதவி சிறிது சிறிதாகக் குறையும்படி செய்ய வேண்டும். மேலே சொன்ன நாடுகளின் வழக்கமும் அதுவே.

தோட்ட நிர்வாகங்களுக்கும் நாம் ஒன்று நினைவூட்டுகிறோம். உடற்பேறு குறைந்தவரை வேலைக்கு வைத்து அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை, வரிக்கணக்கில் கூடுதலாக இன்னொரு மடங்கு கழித்துக்கொள்ள 1982-ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன. மலைச்சரிவில் ஏற இயலாதவருக்குத் தேயிலை ஆலையில் தரம் பிரிக்கவும் பொட்டலம் கட்டவும் உட்கார்ந்து செய்யும் வேலை உண்டு. இருபது ஆண்டு கொழுந்து பறித்தவரை, கால் போயிற்று என்பதற்காக வீட்டையும் காலி செய்யச் சொல்லாமல், ஆலைக்குள் ஓர் இடம் கொடுப்பது மனிதத்தன்மை; கணக்குப் பார்த்தாலும் நட்டமில்லை.

இன்னும் இரு சாராரை மறந்துவிடக் கூடாது. சமூக நல இலாகாவின் உதவிகளுக்குக் குடியுரிமை நிபந்தனை. இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமை அடைந்த தாத்தா பாட்டிகள் தோட்டங்களில் இருக்கிறார்கள். உடல் முறிய உழைத்த அவர்களைக் கார்டின் நிறம் பார்த்துத் தள்ளுவது கொடுமை. அவர்களின் குடியுரிமை மனுக்களை விரைந்து முடிக்க வேண்டும். மற்றொரு சாரார், இன்று நம்மோடு மலையேறும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2019 ஜனவரி முதல் வேலை விபத்துப் பாதுகாப்பும், 2024 ஜூலை முதல் செயலிழப்புப் பாதுகாப்பும் அவர்களுக்கும் உண்டு. நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் கப்பலில் வந்த அயல்நாட்டார்தாம். பக்கத்துத் தொழிலாளிக்கு இந்த உரிமையை எடுத்துச் சொல்வது நம் கடமை.

இப்போது நம்மவரிடமே ஒரு பேச்சு. உடற்பேறு குறைந்த பிள்ளையை வெளியில் காட்ட வெட்கப்பட்டு, பின்னறையில் வைத்து வளர்க்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. "முன்வினைப் பயன்" என்கிறோம். கார்டு எடுத்தால் ஊர் பேசும் என்கிறோம். விபத்தில் முடங்கிய தகப்பனைத் தெண்டச்சோறு என்று பேசும் வீடுகளும் உண்டு. வேண்டாம், தோழர்களே! அவர் தின்பது அவர் உழைத்த சோறு. அவர் கட்டிய சந்தா. பிள்ளைக்குக் கார்டு எடுப்பது அவமானமல்ல. பள்ளியில் சிறப்புக் கல்வி பயிலும் பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை இருக்கும்போது, வெட்கத்தினால் அதை இழப்பதுதான் அவமானம்.

ஆகவே நாம் கோருகிறோம். சமூக நல இலாகாவும், சொக்சோவும், அரசாங்க மருத்துவரும் மாதத்தில் ஒரு நாளாவது ஒன்றாகக் கம்போங் ராஜாவுக்கு வரட்டும். பாரம், பரிசோதனை, பதிவு எல்லாம் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் முடியட்டும். விளக்கத் தாள்கள் தமிழிலும் அச்சிடப்படட்டும். வரி கட்டாத ஏழைக்கும் வரிச் சலுகையின் பங்கு ரொக்கமாகக் கிடைக்கட்டும். உதவியின் வருமான வரம்பு குறைந்தபட்சச் சம்பளத்தோடு சேர்ந்து உயரட்டும். சந்தா கட்டாமல் ஆள் வைப்போர் மீது நடவடிக்கை பாயட்டும்.

அரசாங்கம் செய்யும் வரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்கலாமா? கூடாது. ஒவ்வொரு தோட்டக் கிளையும் இந்த மாதமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். லயம் லயமாக, வீடு வீடாகப் போய், உடல் முடங்கியவர் யார், கார்டு இல்லாதவர் யார், 60 வயதை நெருங்குபவர் யார், சந்தா விட்டுப்போனவர் யார் என்று எழுதட்டும். படித்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பாரம் நிரப்பித் தரட்டும். தொழிலாளர்கள் ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்திருக்கிறதா என்று பார்த்து, சீட்டைப் பத்திரமாக வைக்கட்டும். படித்துப் புரியாத காகிதத்தில் எவரும் கைநாட்டு வைக்க வேண்டாம்.

அந்த நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பெயர் சேர்ந்தால், அது பத்துக் குடும்பங்களின் சோறு. நூறு பெயர் சேர்ந்தால், எந்த இலாகாவும் தள்ள முடியாத மனு. பட்டியலோடு வாருங்கள், பேச வேண்டிய இடத்தில் பேச நாம் தயாராக இருக்கிறோம்.

மலைக்கு மேலே தேயிலை விளைகிறது. மலைக்குக் கீழே அது விலையாகிறது. அதை விளைவிக்கும் போது முறிந்த உடலுக்கு உரிய பங்கும் மலையேறி வரட்டும்!